எங்கள் வீட்டில் செத்துப்போன எலி

எலி செத்த மணம் என்று முதலில் சொன்னது எங்கள் வீட்டு ஆட்கள் இல்லை. எனக்குப் பேசி முற்றாக்கியிருந்த மாப்பிள்ளையின் அக்காதான் சொன்னார்.

கார்த்திகை மாதம். கல்யாணம் தை மாதத்துக்கு வைத்திருந்தது. கூறைச் சேலைக்கு நிறம் கேட்கவும் சட்டைக்கு அளவு வாங்கவும் மாப்பிள்ளையின் அம்மாவும் அக்காவும் கொக்குவிலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நான் டவுனில் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறவள். அன்றைக்கு வேலை முடிந்து வரும்போது மழை கொட்டியது. வழக்கமாகக் கிணற்றடிப் பக்கத்தால் சுற்றிப்போய்ப் பின்வாசலில் சப்பாத்தைக் கழற்றுவேன். மழைக்குப் பயந்து முன்வாசலாலேயே ஓடிவந்து, கதவுக்கு உட்புறத்தில், அவர்கள் இருந்த செற்றிக்குப் பக்கத்திலேயே சப்பாத்தையும் கால்மேஸையும் கழற்றிப் போட்டுவிட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

அக்காக்காரி மூக்கைச் சுருக்கினார். பிறகு மெதுவாக, எங்கேயோ எலி கிலி செத்துக் கிடக்கிறதோ என்று கேட்டார். என் அம்மா ஒரு விநாடியும் தாமதிக்கவில்லை.

"ஓம் பிள்ளை, எலி ஒண்டு செத்துப் போச்சுப் போல கிடக்கு. காலமை இருந்து தேடுறம்."

சொல்லிக்கொண்டே என் சப்பாத்தைக் காலால் கதவுக்கு வெளியே தள்ளிவிட்டுக் குசினிக்குள் போய்ச் சாம்பிராணித் தட்டோடு வந்தார். எனக்கு அதிசயமாக இருந்தது. காலையில் யாரும் எலி தேடியதாக எனக்குத் தெரியாது. இருந்தாலும் வரப்போகிற மாமிக்கு முன்னால் கெட்டிக்காரியாகத் தெரிய வேண்டுமே. ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு நானும் தேடத் தொடங்கினேன்.

உண்மையாகவே தேடினேன். அலுமாரிக்கு அடியில் குப்புறப் படுத்துப் பார்த்தேன். தையல் மெஷினை இழுத்துப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அம்மாவும் பாவம், எழும்பி நின்று செற்றிக் குஷனைத் தூக்கிப் பார்த்தார். மழைக்காலத்தில் தங்கள் வீட்டிலும் இப்படித்தான், எலி செத்துக்கொண்டே இருக்கும் என்று ஆறுதல் வேறு சொன்னார். நல்ல மனுசி என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போன பிறகும் நான் விடவில்லை. சாமி அறைக்குள் புகுந்து படங்களுக்குப் பின்னால் லைற் அடித்துக்கொண்டிருந்தேன். தம்பி வாசல் நிலையில் சாய்ந்து நின்று கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான்.

"அக்கா, எலியைத் தேடாதை. எலி உன்ரை சப்பாத்துக்கைதான் கிடக்கு."

நான் சிரித்தேன். அவன் பகிடி விடுகிறவன். பிறகு அம்மாவைப் பார்த்தேன். அம்மா சிரிக்கவில்லை. சாம்பிராணித் தட்டைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே போய்ச் சப்பாத்தை எடுத்து மூக்கை உள்ளே விட்டுப் பார்த்தேன். எனக்குப் பெரிதாக ஒன்றும் மணக்கவில்லை. அதுதான் என்னை நடுங்க வைத்தது. கருவாட்டுக் கடைக்காரருக்குக் கருவாடு மணக்குமோ என்று தம்பி பின்னால் நின்று கேட்டான். நாள் முழுக்க மற்றவர்களின் சலத்தையும் சளியையும் கண்ணாடித் தட்டில் வைத்து, எந்தக் கிருமி என்று பெயர் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள் நான். என் காலில் ஒரு குடித்தனமே நடந்திருக்கிறது, எனக்குத் தெரியாது.

எத்தனை காலமாக என்று கேட்டேன். வேலைக்குச் சேர்ந்த நாள் தொடக்கம் என்றான் தம்பி. அதாவது வருடக்கணக்காக. அப்படியே படியில் இருந்துவிட்டேன். ஒவ்வொன்றாக விளங்கத் தொடங்கியது. சப்பாத்து முன்வாசலால் வந்தால் இலட்சுமி வெளியே போய்விடுவாள் என்று அம்மா சொன்னது, நான் அதைப் பக்தியோடு நம்பிக் கிணற்றடியால் சுற்றி வந்தது. வேலையிடத்தில் என் மேசைக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளை ஜன்னல் ஓரம்தான் தனக்கு ஒத்துவரும் என்று இடம் மாறியது. வான் வண்டியில் சுற்றுலா போனபோது எனக்கு முன் சீற் கிடைத்தது, நான் அதை மரியாதை என்று நினைத்தது. எல்லோருக்கும் தெரியும். ஊருக்கே தெரியும். காலுக்குச் சொந்தக்காரிக்கு மட்டும் தெரியாது.

அதற்குமேல் அதிர்ச்சி இருக்காது என்றுதான் நினைத்தேன். தம்பி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். போன வருடம் வந்த ஆட்களும் இதனால்தானே, என்று தொடங்கினான். அம்மா அவனை வாயை மூடச் சொன்னார். நான் எழும்பி நின்றேன்.

போன வருடம் ஒரு இடம் பொருந்தி வந்தது. ஆட்கள் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நான் அரைநாள் லீவு போட்டு வேலையிலிருந்து நேரே வந்து, சப்பாத்தை விறாந்தையில் கழற்றிவிட்டுச் சேலை மாற்ற உள்ளே ஓடினேன். இரண்டு நாள் கழித்துச் சாதகம் சரியில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அதே சாதகத்தை அதற்கு முன் அவர்களின் சாத்திரியார் நல்ல பொருத்தம் என்று சொல்லியிருந்தார். செவ்வாயைத் திட்டி, சனியைத் திட்டி, நவக்கிரகத்துக்கு எண்ணெய் எரித்து, விரதமும் இருந்தேன். கிரகங்கள் பாவம். தரகர் அம்மாவிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறார். பெண்ணில் ஒரு குறையும் இல்லையாம், விறாந்தையில் இருக்கத்தான் முடியவில்லையாம்.

அதனால்தான் இந்த முறை பெண் பார்ப்பது கோவிலில் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றிருக்கிறார். கோவிலில் எல்லோரும் வெறுங்கால். வாசல் பைப்பில் கழுவிவிட்டுத்தான் உள்ளே போவோம். மாப்பிள்ளை பக்கமும் தங்களுக்கும் கோவில்தான் விருப்பம் என்று உடனே ஒத்துக்கொண்டது அம்மாவுக்குப் பெரிய நிம்மதியாகப் போய்விட்டதாம்.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது. நாறுகிறது என்பதைவிட, இத்தனை பேர் சேர்ந்து என்னைச் சுற்றி நாடகம் ஆடியிருக்கிறார்கள் என்பதுதான் சுட்டது. ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். அம்மா சாம்பிராணித் தட்டைக் கீழே வைத்தார்.

"எப்பிடிப் பிள்ளை சொல்லுறது? பெத்த வாயாலை உன்ரை கால் மணக்குது எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

 அதைக் கேட்டதும் கோபம் போய் எனக்குப் பயம்தான் வந்தது. எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளை குனிந்து, பெண்ணின் காலைக் கையால் தூக்கி அம்மியில் வைத்து, விரலில் மெட்டி போட வேண்டும். முகத்துக்கும் காலுக்கும் ஒரு முழம் இடைவெளி இருந்தால் பெரிய விஷயம். சுற்றிவர இரண்டு பக்கத்துச் சொந்தமும் நிற்கும். வீடியோக்காரர் கமராவைக் காலடியில் கொண்டுவந்து வைப்பார். கனடாவில் இருக்கும் சித்தப்பா குடும்பம் நேரலையில் பார்க்கும். அந்த மனிதர் அந்த இடத்தில் மூக்கைச் சுருக்கினால் போதும், என் கதை முடிந்தது.

அடுத்த நாள் தொடக்கம் காலைக் கழுவினேன். இதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது. ஊரிலேயே அதிக தரம் கால் கழுவுகிறவள் நானாகத்தான் இருப்பேன். வெளியே போய் வந்தால் கேற்றடியிலோ கிணற்றடியிலோ கழுவாமல் எங்கள் வீட்டுக்குள் கால் வைக்கிற வழக்கம் இல்லை. விளக்கு வைக்கமுன் கழுவுவோம், சாப்பிடமுன் கழுவுவோம், படுக்கமுன் கழுவுவோம். இப்போது அதற்கு மேலே தேசிக்காய்ப் பாதியால் தேய்த்தேன், வேப்பிலைத் தண்ணீரில் ஊறவைத்தேன், மஞ்சள் பூசினேன். வேலையிடத்திலும் ஒளித்துப்போய்க் கழுவினேன். ஒரு கிழமை கழித்துத் தம்பியிடம் சப்பாத்தை நீட்டினேன். அவன் மணந்துவிட்டு, இப்போது எலியோடு தேசிக்காயும் சேர்ந்து மணக்கிறது என்றான்.

கடைசியில் டவுனில் ஒரு தோல் வைத்தியரிடம் போனேன். தெரிந்த ஆட்கள் யாரும் இருக்கக்கூடாது என்று பிள்ளையாரை வேண்டிக்கொண்டு போனேன். உள்ளே போனால் அம்மாவோடு படித்த ஒரு மாமி முதல் கதிரையில் இருக்கிறார். தலைமயிர் கொட்டுகிறது என்று ஒரு பொய்யைச் சொல்லிவைத்தேன். எனக்கோ இடுப்புக்குக் கீழே பின்னல்.

வைத்தியர் ஒரு பெண். நான் காலைச் செருப்புக்குள் ஒளிக்க ஒளிக்க, தூக்கி ஸ்டூலில் வைக்கச் சொல்லி, பூதக்கண்ணாடியோடு குனிந்தார். நான் மூச்சை அடக்கினேன். அவர் சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். உள்ளங்காலில் ஊசியால் குத்தியதுபோலச் சின்னச் சின்னக் குழிகள் இருப்பதைக் காட்டினார். குதிக்காலில் கிடந்த அந்தக் குழிகளை நான் சப்பாத்து அழுத்தியது என்று நினைத்திருந்தேன். ஒரு நாளைக்கு எத்தனை தரம் கால் கழுவுவேன் என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே அடுத்ததைக் கேட்டார்.

"எத்தினை தரம் துடைக்கிறனீங்கள்?"

நான் என் காலைப் பார்த்தேன். வரமுன் கழுவின ஈரம் இன்னும் விரல் இடுக்கில் இருந்தது.

நாங்கள் துடைப்பதில்லை. என் அம்மா துடைத்ததில்லை, ஊரில் யாரும் துடைத்து நான் கண்டதில்லை. கழுவின காலோடு நடந்து உள்ளே வருவோம். சீமெந்து நிலத்தில் ஈரப் பாதம் பதிந்தால்தான் கழுவினது என்று அர்த்தம். பதியாவிட்டால், கால் கழுவினியோ என்று அம்மா குசினிக்குள் இருந்து கேட்பார். காலையில் குளித்து, சாமி கும்பிட்டு, அந்த ஈரக் காலோடுதான் வாசலில் குந்தியிருந்து நைலோன் கால்மேஸை இழுத்துப் போட்டு, முதல் நாள் ஈரமே காயாத சப்பாத்துக்குள் விட்டுக்கொண்டு ஓடுவேன். மாலை வரை அது திறபடாது.

வைத்தியர் விளங்கப்படுத்தினார். வியர்வைக்கு மணமே இல்லையாம். தோல் ஈரத்தில் ஊறி மெத்தென்று ஆக, கிருமி அதைத் தின்று பெருகும்போதுதான் அந்த மணம் வருமாம். விரல் இடுக்கும் காயாத சப்பாத்தும் அதற்கு நல்ல வீடு. நான் கழுவக் கழுவ அதற்குத் தண்ணீர் வார்த்திருக்கிறேன். இதை வேலையிடத்தில் ஒரு மாணவிக்கு நானே சொல்லிக் கொடுத்திருப்பேன், ஈரமும் சூடும் இருட்டும் இருந்தால் கிருமி வளரும் என்று. சுத்தம் சுத்தம் என்று வளர்ந்து, அந்தச் சுத்தத்தாலேயே நாறியிருக்கிறேன். 

பூசுவதற்குக் களிம்பு தந்தார். சவர்க்காரம் போட்டு ஒரு தரம் ஒழுங்காகக் கழுவி, விரல் இடுக்கு வரை உலர்த்தினால் போதும் என்றார். நைலோனை எறிந்துவிட்டுப் பருத்திக் கால்மேஸ், அதையும் தினம் மாற்ற வேண்டும். இரண்டாவது சோடி சப்பாத்து வாங்கி, ஒன்று காய மற்றதைப் போட வேண்டும். கழற்றினதை ஒளித்து வைக்காமல் வெயிலில் வைக்க வேண்டும். பழையதைக் கைவிடுவது நல்லது என்றும் சொன்னார். அதற்கு நான் கண்ணீர் விடவில்லை.

அம்மாவுக்கு என் கால் மணத்ததைவிட இந்த வைத்தியம்தான் பெரிய துன்பம். கால் துடைக்க ஒரு துவாய் என்று நான் கொடியில் போட்டதும், முகம் துடைக்கும் துவாய்களை எல்லாம் அள்ளிக்கொண்டு வேறு கொடிக்குப் போய்விட்டார். சப்பாத்தின் நாக்கை இழுத்து விரித்து, அதை முன்மதிலில் வைத்தேன். ஒழுங்கையால் போகிற சனம் பார்க்கும் என்று அவர் எடுத்து ஒளித்தார். நான் திரும்ப வைத்தேன். ஒளித்து ஒளித்துத்தானே இங்கே வந்து நிற்கிறோம் என்று சத்தமாகவே சொன்னேன். ஞாயிறுதோறும் தம்பி மணந்து பார்த்துத் தீர்ப்புச் சொன்னான். செத்த எலி மெல்ல மெல்ல நோயாளி எலியாகி, பிறகு சும்மா சப்பாத்தாகியது. நானும் பழகிவிட்டேன். அந்த மணம் இலேசாக வந்தாலும் என் மூக்கு இப்போது பிடித்துவிடும்.

ஆனாலும் மாப்பிள்ளையிடம் சொல்லாமல் கழுத்தை நீட்ட எனக்கு மனம் வரவில்லை. என்னிடம் ஒளித்தது எனக்கு எப்படி இருந்தது என்று எனக்குத்தானே தெரியும். இதை அவரிடம் சொல்லவா என்று அம்மாவிடம் கேட்டால் கொலைதான் நடக்கும். எனவே கேட்கவில்லை. இரண்டு வீட்டின் சம்மதத்தோடும், தம்பியின் காவலோடும், ஒரு பின்னேரம் அவரைக் காங்கேசன்துறைக் கடற்கரையில் சந்தித்தேன். அவருக்கு அங்கே துறைமுகப் பக்கத்தில் இயந்திரம் திருத்தும் வேலை. வேலை முடிந்து நேரே பூட்ஸோடு வந்திருந்தார். தம்பி கச்சான்கடலை வாங்க என்று தள்ளிப் போனான். நான் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்தேன். அவர் பூட்ஸைக் கழற்றவில்லை.

"உங்களிட்டை ஒண்டு சொல்லவேணும். எனக்குக் கால் மணக்கிற வருத்தம் இருந்தது. மருந்து செய்யிறன். உங்கடை ஆக்கள் வந்தண்டைக்கு எங்கடை வீட்டிலை எலி ஒண்டும் சாகேல்லை."

அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகம் சிவந்து போனது. கொஞ்சம் பின்னுக்கு நகர்ந்ததுபோலவும் எனக்குப் பட்டது. பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"எந்த டொக்டர்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பரவாயில்லை என்று சொல்லலாம், சிரிக்கலாம், கோபித்துக்கொண்டு போகலாம். எந்த டொக்டர் என்றால் என்ன அர்த்தம்? போய் விசாரிக்கப் போகிறாரா, எவ்வளவு மோசம் என்று? வைத்தியரின் பெயரைச் சொல்லிவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவரின் போன் குறைந்தது. எடுத்தாலும் வேலை கூட என்று இரண்டு வார்த்தையோடு வைத்துவிடுவார். சாதகம் சரியில்லை என்று எப்போது சொல்லி அனுப்புவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாண நாள் வந்துவிட்டது.

மண்டப வாசலில் தம்பிதான் தோழன். மாப்பிள்ளை வந்து இறங்கும்போது பெண்ணின் தம்பி தண்ணீர் வார்த்துக் கால் கழுவ, மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடுவது எங்கள் வழக்கம். மோதிரத்தோடு அவன் என் அறைக்குள் வந்தான். முகத்தில் ஒரு குழப்பம். அத்தான் கால் கழுவின பிறகு அவனின் தோளில் கிடந்த சால்வையைக் கேட்டு வாங்கி, எல்லோருக்கும் முன்னால் விரல் விரலாகத் துடைத்தாராம். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாராம். எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. நம்பிச் சொன்னதை வைத்துக்கொண்டு ஊருக்கு முன்னால் என்னை நக்கல் அடிக்கிறார் என்றே நினைத்தேன். அந்தக் கோபத்தோடுதான் மணவறையில் போய் இருந்தேன்.

அம்மி வந்தது. வீடியோக்காரர் நான் பயந்தபடியே கமராவைக் காலடிக்குக் கொண்டுவந்தார். மாப்பிள்ளை குனிந்து என் காலைப் பிடித்துத் தூக்கி அம்மியில் வைத்தார். நான் அவரின் மூக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அது சுருங்கவில்லை. அவசரப்படாமல் மெட்டியைப் போட்டு, காலை மெல்ல இறக்கி வைத்தார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பிறந்த வீட்டை நினைத்து அழுகிறேன் என்று சித்தி கண்ணைத் துடைக்கக் கைலேஞ்சி தந்தார்.

மத்தியானத்துக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். கால்மாறிப் போவது என்பார்கள். அம்மாவும் தம்பியும் கூட வந்தார்கள். வாசல் படலையில் ஆரத்தி எடுத்து, மாமி எங்கள் இருவரின் காலுக்கும் செம்பால் தண்ணீர் வார்த்தார். வலது காலை வைத்து, ஈரத்தோடு உள்ளே போனேன்.

உள்ளே சாம்பிராணிப் புகை கண்ணை மறைத்தது. அந்தப் புகைக்கு அடியில் அது இருந்தது. என் மூக்கு தப்புப் பண்ணாது.  திரும்ப வந்துவிட்டது, புது வீட்டு வாசலிலேயே வந்துவிட்டது என்று என் காலைக் குனிந்து பார்த்தேன். அப்போது பின்னால் மாமியின் குரல் கேட்டது.

"எலி ஒண்டு செத்துப் போச்சுப் போல கிடக்கு, பிள்ளை. காலமை இருந்து தேடுறம்."

அக்காக்காரி ஏற்கெனவே செற்றிக் குஷனைத் தூக்கிக்கொண்டு நின்றார். நான் திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தேன். காது மடல் வரை சிவந்து போய், எந்த டொக்டர் என்று கேட்ட அதே முகத்தோடு நின்றார். எனக்குப் பின்னால் தம்பி இருமத் தொடங்கினான். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு மாமியைப் பார்த்தார், மாமி அம்மாவைப் பார்த்தார். கோவிலில் வைத்துப் பார்ப்போம் என்று இருவரும் உடனே ஒத்துக்கொண்டது ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"எலியைத் தேடாதேங்கோ மாமி. துவாய் ஒண்டு தாங்கோ. நாங்கள் ரெண்டு பேரும் காலைத் துடைக்கப் போறம்."

புது மருமகள் அந்த வீட்டில் பேசிய முதல் பேச்சு அது. மாமி செம்போடு அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.  மாப்பிள்ளை பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் போய், தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த பூட்ஸ் சோடியை இழுத்தெடுத்துக்கொண்டு வந்தார். எல்லோரும் பார்க்க, நாக்கை இழுத்து விரித்து, முன்படி வெயிலில் வைத்தார்.